குட்டி ரயில்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மலைகளில் 1836இல் ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு என்ஜின் கிடையாது. பிளைனாவ் ஃபெஸ்டினியோக் என்ற ஊரில் வெட்டியெடுத்த சிலேட்டுக் கல்லைச் சின்னச் சின்ன வண்டிகளில் ஏற்றி, வண்டிகளை ஒன்றோடொன்று கோத்து, பிரேக்கைத் தளர்த்திவிடுவார்கள். இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், கீழே இருந்த போர்த்மடாக் துறைமுகத்தை நோக்கி அந்தத் தொடர் தன் எடையாலேயே உருண்டு இறங்கும். ஆரம்பத்தில் நடுவே ஒரு குன்று வழிமறித்தது. 1840களில் அதைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டபின், மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவு. பிரேக் பிடிக்கும் ஆட்கள் வண்டிகளின் மேலேயே உட்கார்ந்து வருவார்கள். குதிரைகளுக்கென்று தனி வண்டி உண்டு. இறங்கும்போது அவை அதில் நின்றபடி தீனி தின்றுகொண்டு வரும். காலி வண்டிகளை மறுபடி மலைமேல் இழுத்துப் போவதுதான் அவற்றின் வேலை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி 597 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிகூட இல்லை.

இந்த அகலத்தை யாரும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. கல் வெட்டும் இடங்களில் ஆட்கள் கையால் தள்ளிய வண்டிகள் ஏற்கெனவே ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தன. அதே வண்டி, வழியில் சரக்கை மாற்றி ஏற்றாமல், கப்பல் பக்கம் வரை போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே கணக்கு. குறுகிய ரயில் பாதைகளின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: கையில் இருக்கும் பணத்துக்கு, கண்முன் நிற்கும் மலைக்கு, ஏற்ற வேண்டிய சரக்குக்கு எது போதுமோ அது. அன்று பணம் மிச்சம் பிடிக்கச் செய்த அந்தச் சுருக்கம்தான் நூறு வருடம் கழித்து இந்த ரயில்களை அழியாமல் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். உலகில் மிகப் பரவலாக உள்ள பாதையின் அகலம் 1,435 மி.மீ. நம் நாட்டு அகலப்பாதை அதைவிடப் பெரிது, 1,676. மீட்டர்கேஜ் 1,000. அதற்கும் கீழே உள்ள 762, 610 ஆகிய இரண்டையும்தான் இந்திய ரயில்வே ‘குறுகிய பாதை’ என்ற கணக்கில் வைக்கிறது. ஊட்டி ரயிலைப் பலரும் இந்த வகையில் சேர்த்துப் பேசுவார்கள். அது உண்மையில் மீட்டர்கேஜ். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க, நடுவில் பல்தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். அது வேறு தீர்வு, வேறு கதை.

அகலம் குறைந்தால் என்ன லாபம்? முக்கியமாக வளைவு. சக்கர அச்சு குட்டையாகவும் வண்டி சிறிதாகவும் இருந்தால் ரயிலை மிகச் சின்ன வட்டத்தில் திருப்பலாம். டார்ஜிலிங் பாதையில் மிகக் கடுமையான வளைவின் ஆரம் சுமார் 18 மீட்டர்தான். இப்படித் திரும்பத் தெரிந்த ரயில் மலையைக் குடைய வேண்டியதில்லை, பள்ளத்தாக்கின் மேல் பெரிய பாலம் கட்ட வேண்டியதில்லை. மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே ஏறிவிடலாம். வெட்ட வேண்டிய மண் குறைவு, தண்டவாளம் லேசு, ஸ்லீப்பர் கட்டை குட்டை. பெரிய ரயில் கட்டினால் என்றைக்கும் போட்ட பணம் திரும்பாது என்ற ஊர்களுக்கும் இதனால் ரயில் வந்தது.

இவ்வளவு குறுகிய பாதையில் நீராவி என்ஜின் ஓடாது என்றுதான் அன்றைய பொறியாளர்கள் பலர் நம்பினார்கள். ஃபெஸ்டினியோக்கில் 1863இல் அது ஓடியது. 1865இல் பயணிகளையும் ஏற்றத் தொடங்கினார்கள். ஆரம்பகாலப் பெட்டிகளில் ஆட்கள் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வேண்டும். எடை நடுக்கோட்டிலேயே இருந்தால்தான் பெட்டி சாயாது. சரக்கு பெருகப் பெருக, சின்ன என்ஜின்களால் இழுக்க முடியாமல் போனது. அப்போது ராபர்ட் ஃபேர்லி என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஒரு வினோதமான என்ஜினைக் கொண்டுவந்தார். நடுவில் கரி எரியும் அறை ஒன்றே ஒன்று, அதன் இருபக்கமும் ஒவ்வொரு கொதிகலன், இரண்டு முனைகளிலும் புகைபோக்கி. கீழே உள்ள சக்கரத் தொகுதிகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். அதனால் என்ஜின் நீளமாக இருந்தாலும் வளைவில் சிக்காது. ஓட்டுநர் ஒரு பக்கமும் கரி போடுபவர் மறுபக்கமுமாக, நடுவில் கொதிகலனை வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். 1869இல் வந்த அந்த என்ஜினுக்கு ‘லிட்டில் ஒண்டர்’ என்று பெயர். 1870இல் அதன் சோதனை ஓட்டங்களைப் பார்க்க ரஷ்யப் பேரரசிலிருந்தே ஒரு குழு வந்திருந்தது. இரண்டடிப் பாதையில் உண்மையான ரயில்வே நடத்த முடியும் என்பதை உலகம் ஒத்துக்கொண்டது அந்த ஓட்டங்களுக்குப் பிறகுதான்.

இந்தியா அதற்கு முன்பே முயன்று பார்த்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. பரோடா சமஸ்தானத்தில் தபோயிலிருந்து மியாகாம் வரை 1862இலேயே 762 மி.மீ. பாதை போட்டார்கள். இழுத்தவை காளைகள். பாதை வலுப்படுத்தப்பட்டு என்ஜின் முறையாக ஓடியது 1873இல். தமிழ்நாட்டிலும் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865இல் 1,067 மி.மீ. அகலத்தில் ஒரு லேசான பாதை திறக்கப்பட்டது. அது பின்னால் மீட்டர்கேஜ் ஆனது.

டார்ஜிலிங் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 1870களின் கடைசியில் சிலிகுரி வரை ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து மேலே போக மாட்டுவண்டியும் குதிரை வண்டியும்தான். கீழே வாங்கும் அரிசி மலைமேல் போகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் விலை ஏறிவிடும். ஃபிராங்க்ளின் பிரெஸ்டேஜ் என்ற ரயில்வே அதிகாரி இந்த விலை வித்தியாசத்தைக் காட்டித்தான் இரண்டடிப் பாதைக்கு அனுமதி வாங்கினார். 1879இல் தொடங்கிய வேலை 1881இல் டார்ஜிலிங்கைத் தொட்டது. பெரும்பகுதி தூரத்துக்கு ஏற்கெனவே இருந்த வண்டிச் சாலையின் ஓரமாகவே தண்டவாளத்தைப் பதித்தார்கள். அதனால்தான் அந்த ரயில் இன்றும் கடைகளின் வாசலை உரசிக்கொண்டு போகிறது. சாலை ஏறுமளவுக்கு ரயில் ஏற முடியாத இடங்களில், ஒரு வட்டம் சுற்றித் தன் பாதைக்கு மேலேயே கடந்து போகும், அல்லது முன்னும் பின்னுமாக நகர்ந்து படியேறுவதுபோல் ஏறும். கூம் நிலையத்தை அடையும்போது உயரம் 2,258 மீட்டர்.

அந்த என்ஜினில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம். ஓட்டுநரும் கரி போடுபவரும் உள்ளே. கரிக் குவியலின் மேல் ஒருவர் உட்கார்ந்து பெரிய கட்டிகளைச் சுத்தியலால் உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். என்ஜினின் முன்னால், பஃபர் கட்டையின் மேல் இரண்டு பேர். தண்டவாளம் ஈரமாக இருந்தால் அவர்கள் கையால் மணலைத் தூவுவார்கள், சக்கரம் பிடித்துக்கொள்ளும். 1889இல் தொடங்கிய வடிவமைப்பு அது. கருவி பழுதானால் மாற்றிப் பொருத்துவது என்பது அந்த மணல் வேலையில் கிடையாது. கைதான் கருவி.

மகாராஷ்டிரத்தின் பார்சி பாதை இன்னொரு வகை. பெரிய ரயில் தங்கள் ஊரைத் தொடாமல் போய்விட்டதால் பார்சிக்காரர்களுக்குத் தனிப்பாதை வேண்டியிருந்தது. எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1897இல் அதை 762 மி.மீ. அகலத்தில் திறந்தார். அவர் கண்ட உபாயம் எளிமையானது. என்ஜினோ பெட்டியோ, எதுவானாலும் ஓர் அச்சின்மேல் ஐந்து டன்னுக்கு மேல் எடை விழக்கூடாது. எல்லா அச்சும் சமமாகச் சுமந்தால் லேசான தண்டவாளத்திலும் பெரிய பெட்டிகளை ஓட்டலாம். பின்னால் பண்டர்பூர் வரை நீண்ட அந்தப் பாதை, ஏகாதசிக் கூட்டத்தையெல்லாம் சுமந்தது. குறுகிய பாதை என்றால் விளையாட்டு ரயில் என்று நினைப்பவர்களுக்குப் பார்சி ஒன்றே பதில். அது இப்போது அகலப்பாதையாகிவிட்டது.

தேயிலை மலைகளிலும் இதே நியாயம்தான். மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908இல் இரண்டடிப் பாதை போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேரும். 1924 ஜூலையின் பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டவே இல்லை. இன்று டாப் ஸ்டேஷனில் நின்று தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கைப் படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ரயில் வந்து நின்றது தெரியும்? இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை 762 மி.மீ. பாதை தோட்டங்களுக்கு நடுவே ஓடியது. 1940களில் அதுவும் மூடப்பட்டது. ஃபிஜித் தீவில், தமிழர்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் உழைத்த கரும்பு நிலங்களில், 610 மி.மீ. ரயில் அறுவடைக் காலத்தில் இன்னும் கரும்பு சுமக்கிறது.

பிரான்சில் ஒரு விவசாயி வீட்டிலிருந்து வந்த யோசனையையும் சொல்லியாக வேண்டும். 1870களின் நடுவில் பால் டெக்கோவில் என்பவரின் பண்ணையில் பீட்ரூட் அறுவடை மழையில் மாட்டிக்கொண்டது. வண்டிகள் சேற்றில் புதைந்தன. அவர் தண்டவாளத்தையும் கட்டையையும் முன்கூட்டியே இணைத்த சட்டங்களாகச் செய்து, வயலில் அப்படியே விரித்தார். ஆட்கள் தூக்கி இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அதுவே தொழிலாகி, 1889 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய 60 செ.மீ. ரயில் அறுபது லட்சம் பேருக்கும் மேல் ஏற்றியது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் குண்டும் சோறும் கொண்டுபோனதும், காயம்பட்டவர்களைத் திருப்பிக் கொண்டுவந்ததும் இதே அகலம்தான்.

போர் முடிந்தபின் ராணுவம் விற்ற லாரிகள் ஊருக்கு ஊர் வந்தன. சின்ன ரயில்களுக்கு அங்கேதான் சரிவு ஆரம்பம். ரயிலில் ஏற்றி, பெரிய ரயிலுக்கு மாற்றி, மறுபடி இறக்குவதைவிட லாரி வாசலுக்கே வந்துவிடும். ஐரோப்பாவில் 1920களிலிருந்து 1950கள் வரை குறுகிய பாதைகள் வரிசையாக மூடின. இந்தியாவில் அதே அலை தாமதமாக, 1992இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டத்தோடு வந்தது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. வழியில் ரயில் மாறி மூட்டையைச் சுமந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் மாற்றும்போது ஒரு பத்துக் கிலோமீட்டரையாவது, ஒரு என்ஜினோடு சேர்த்து, பழையபடி ஓடவிட்டு வைத்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

தோன்றிய இடம் ஒன்று உண்டு. வேல்ஸிலேயே, டலித்லின் என்ற பாதை. 1860களில் சிலேட்டுக்காகப் போட்டது, அகலம் 686 மி.மீ. அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொன்னார், நஷ்டத்திலும் ஓட்டினார். 1946 கடைசியில் கல் வெட்டிய இடம் சரிந்து மூடிக்கொண்டது. 1948இல் அரசு பிரிட்டிஷ் ரயில்வேக்களைத் தேசியமயமாக்கியபோது இந்தப் பாதையைச் சேர்க்கவில்லை. 1950 ஜூலையில் அவர் இறந்தார். பாதையின் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவர் நண்பர்களும் 1950 அக்டோபரில் பர்மிங்ஹாமில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். தன்னார்வலர்களை வைத்து இந்த ரயிலை நடத்தலாமா என்பதே பேச்சு. உலகில் அதற்கு முன் யாரும் செய்யாத வேலை அது. 1951 மே 14 அன்று முதல் ரயிலை ஓட்டிவிட்டார்கள். ஓடக்கூடிய நிலையில் இருந்தது டோல்காக் என்ற ஒரே ஒரு என்ஜின். பக்கத்தில் 1948இல் மூடப்பட்ட காரிஸ் பாதையின் அகலமும் 686 மி.மீ. என்பது பெரும் அதிர்ஷ்டம். அங்கே கிடந்த இரண்டு என்ஜின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் ஒன்று வந்த புதிதில் அடிக்கடி தடம் புரண்டது. அதன் சக்கரப் பட்டை குறுகல். டலித்லினின் பழைய கட்டைகளோ உளுத்துப்போய், தண்டவாளங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருந்தன. சக்கரம் இடையில் விழுந்துவிடும். சரி, என்ன செய்வது? கட்டையை மாற்றி, ஆணி அடித்து, அளந்து பார்த்து, மறுபடி அடுத்த கட்டை. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள் என்று ரயில்வேயில் சம்பளம் வாங்காதவர்கள் விடுமுறையில் வந்து இதைச் செய்தார்கள்.

நான் முதலில் சொன்ன சுருக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது. அகலப்பாதையின் ஒரு தண்டவாளத்தைத் தூக்க ஒரு படையே வேண்டும். இரண்டடிப் பாதையின் தண்டவாளத்தைப் பழக்கமில்லாத சிலர் சேர்ந்தே தூக்கிவிடலாம். ஏழை ஊர்களுக்காகச் சிக்கனமாகச் செய்த பொருள் என்பதாலேயே, பணமில்லாத ஆர்வலர்களால் அதைப் பழுது பார்க்க முடிந்தது. 1946இல் மூடிய ஃபெஸ்டினியோக்கையும் 1955இலிருந்து இப்படியே பகுதி பகுதியாகத் திறந்தார்கள். நடுவில் ஒரு நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கம் பழைய பாதையை மூழ்கடித்துவிட்டது. விட்டுவிடவில்லை. 1965இலிருந்து பதின்மூன்று வருடம், பெரும்பாலும் கை உழைப்பால், மலையைச் சுற்றி ஒரு வட்ட ஏற்றத்தோடு சுமார் நான்கு கிலோமீட்டர் புதுப்பாதை போட்டார்கள். 1982இல் ரயில் மறுபடி பிளைனாவ் போய்ச் சேர்ந்தது. 2021இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இந்த இரண்டு ரயில்களும் அதில் அடக்கம்.

இதுவரை சொன்னவை வேலைக்காகச் சிறுத்த ரயில்கள். பெரிய ரயிலின் சாயலில் வேண்டுமென்றே சிறிதாகச் செய்தவை வேறு குடும்பம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் சர் ஆர்தர் ஹேவுட் என்ற ஆங்கிலேயச் சீமான். ஆட்களையும் சரக்கையும் பத்திரமாகச் சுமக்க எவ்வளவு குறுகலாகப் போகலாம் என்று 1870களில் தன் தோட்டத்திலேயே பாதை போட்டுச் சோதித்தார். அவர் வந்து நின்ற இடம் 15 அங்குலம், 381 மி.மீ. அதற்கும் கீழே போனால், பெட்டியில் ஓர் ஆள் அசைந்து உட்கார்ந்தாலே சாயும் ஆபத்து. 1896இல் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் மாளிகைக்குக் கரி கொண்டுபோக அதே அகலத்தில் ஒரு பாதை கட்டிக் கொடுத்தார். அழகு அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. அவருடைய என்ஜின்கள் பெரிய என்ஜின் எதையும் பார்த்துச் செய்தவை அல்ல.

நார்தாம்ப்டனின் பொம்மை ரயில் வியாபாரி பாசெட்-லோக், பொறியாளர் ஹென்றி கிரீன்லி இருவரும் அதே 15 அங்குலத்தை எடுத்து, விரைவு ரயில் என்ஜின்களின் அச்சு அசலான சின்ன வடிவங்களை ஓட்டினார்கள். 1905இல் பிளாக்பூல் கடற்கரையில் அது தொடங்கியது. அதன் உச்சம் ரோம்னி, ஹைத், டிம்சர்ச் பாதை. கார் பந்தயக்காரர்கள் இருவரின் ஆசை அது. ஒருவரான ஸ்போரோவ்ஸ்கி 1924இல் மோன்சா பந்தயத்தில் இறந்துவிட, கேப்டன் ஹோவி மட்டும் 1927இல் அதைத் திறந்து, அடுத்த வருடம் டஞ்சனஸ் வரை நீட்டினார். பணக்கார விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் அந்தக் குட்டிப் பாதையில் கவச ரயில் ஓடியது. 2015 வரை அது பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் ஏற்றிப் போனது.

சின்னதாகச் செய்வதில் ஒரு கடினமான விஷயம் ஒளிந்திருக்கிறது. என்ஜினின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் கொதிகலனின் பரப்பு கால்வாசியாகும், கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடும். கரியும் நீராவியும் தண்ணீரும் நம் அளவுகோலுக்குச் சுருங்காது. பெரிய கொதிகலனின் நூற்றுக்கணக்கான குழாய்களை அப்படியே சிறுத்துப் பதித்தால் அவற்றில் புகையே போகாது. 1920களில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் தடிமனாக வைத்தால், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் என்ஜின்கூடக் கரி எரித்து ஓர் ஆளை இழுக்கும் என்று செய்து காட்டினார். இன்று உலகெங்கும் கொல்லைப்புறத்தில் நீராவி என்ஜின் ஓட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் அவர் வழி வந்தவர்கள். வால்ட் டிஸ்னியும் 1950இல் தன் வீட்டுத் தோட்டத்தில் அப்படி ஒன்று ஓட்டினார்.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், சிலர் பழமை என்பார்கள், சிலர் அழகு என்பார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. மின்சார ரயிலில் என்ன நடக்கிறது என்று பயணிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சின்ன நீராவி ரயிலில் எல்லாமே கண்ணுக்கு எதிரே நடக்கிறது. எந்தத் தண்டு எந்தச் சக்கரத்தைத் தள்ளுகிறது, எப்போது தண்ணீர் குடிக்கிறது, ஏற்றத்தில் எப்படி மூச்சு வாங்குகிறது என்பதை ஒரு பத்து வயதுக் குழந்தை பார்த்தே புரிந்துகொள்ளும். புடாபெஸ்ட் மலையில் 1948இலிருந்து ஓடும் 760 மி.மீ. பாதையில் சிக்னல் போடுவது, டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது எல்லாம் பள்ளிச் சிறுவர்கள்தான். என்ஜினை மட்டும் பெரியவர்கள் ஓட்டுகிறார்கள். இவ்வளவு முழுமையாகக் குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடிய வேறு போக்குவரத்து எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, இந்தக் கைத்தொழில் நின்றுபோகவில்லை. ஃபெஸ்டினியோக் தன்னுடைய பாஸ்டன் லாட்ஜ் பட்டறையில் 1979இலும், 1992இலும், பிறகு 2023இலும் புத்தம்புதிய இரட்டை ஃபேர்லி என்ஜின்களைக் கட்டி ஓட்டியது. நம் திருச்சி பொன்மலைப் பட்டறையும் 2010களில் நீலகிரி மலை ரயிலுக்கென்று எண்ணெயில் எரியும் புது நீராவி என்ஜின்களைச் செய்து கொடுத்தது. பல்சக்கரம் கடைவதிலிருந்து கொதிகலன் பொருத்துவது வரை அங்கேயே நடந்தது. நீராவியை நாடே கைவிட்டுப் பல வருடங்கள் ஆனபின், அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் பொன்மலையில் இருந்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.